சவரியம்மாளின் மூன்று ராஜாக்கள்

மேட்டுப்பட்டியில் வியாகுலம்மாள் வீட்டுக் குடிலைப் பார்ப்பதற்கென்று கிறிஸ்துமஸ் வாரத்தில் நாலு தெரு ஆட்கள் வருவார்கள். குடில் ஒன்றும் பெரிசில்லை. வைக்கோல் கூரை, தகர டப்பாவில் முளைக்கவிட்ட கேப்பைப் பயிர், ஒரு கூடை ஆற்று மணல், சாயம் போன சூசையப்பர், காது உடைந்த ஆடு. எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஜனங்கள் பார்க்க வந்தது மூன்று ராஜாக்களை.

மற்ற வீடுகளில் மூன்று ராஜாக்களும் களிமண் பொம்மைகள். ஒரே அச்சில் வார்த்த தாடியோடு மண்டிபோட்டிருப்பார்கள். இவள் வீட்டு ராஜாக்கள் தந்தத்தில் செதுக்கி, சிவப்புச் சாயம் ஏற்றினவர்கள். விரல் உயரம்தான். ஆனால் அம்புட்டு வேலைப்பாடு. ஒருவர் யானைமேல் அம்பாரியில் மீசையை முறுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் இருக்கிற பாகனுடைய கால்விரல் அஞ்சையும் தனித்தனியாக எண்ணலாம். இன்னொருவர் ஒட்டகத்தில். அந்த ஒட்டகம் கசாயம் குடித்த பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்திருக்கும். மூன்றாமவருடைய குதிரை முன்னங்காலைத் தூக்கி, இப்போது பாயவா அப்புறம் பாயவா என்று கேட்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி வரி. மணலில் குத்தி நிறுத்துவதற்காகவே செய்தது என்று வியாகுலம்மாள் நினைத்திருந்தாள். நாங்களும்தான் நினைத்தோம்.

அவை சதுரங்கக் காய்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ராஜாக்கள் கிழக்கேயிருந்து வந்தார்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். கிழக்கேயிருந்து வருகிற ராஜா யானையில் வராமல் வேறு எதில் வருவார், நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்தைந்தாம் வருசம் டிசம்பரில், சின்னாளப்பட்டியிலிருந்து முத்துக்கிருஷ்ணன் என்று ஒருவர் சுங்கடிச் சேலைக் கட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார். வருசா வருசம் வருகிறவர் அவருடைய அண்ணன், வாசலோடு வியாபாரத்தை முடித்துக்கொள்கிறவர். அண்ணனுக்குக் காலில் சுளுக்கு என்பதால் அந்த முறை தம்பி வந்திருந்தார். அம்பது வயசு இருக்கும். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. வியாகுலம்மாள் வீட்டு நடையில் கட்டை அவிழ்த்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை உதறி விரித்தவர், குடிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சேலை முனை தரையில் புரண்டது.

"ஏம்மா, இந்த யானை உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"ரொம்ப நாளா வீட்ல இருக்குண்ணே."

அவர் குடில் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொடவில்லை. வேற்று வீட்டுச் சாமி சமாச்சாரத்தைத் தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது சதுரங்கக் காய்ம்மா. இவுக கூட்டாளிக இருபத்தொன்பது பேரு எங்க வீட்ல பெட்டிக்குள்ள இருக்காக. கொடைரோட்ல ஒரு துரை பங்களா இருந்துச்சு. வெள்ளைக்காரன் போனப்ப சாமானெல்லாம் ஏலம் விட்டாக. எங்கப்பா எடுத்தாரு. பெட்டியத் தொறந்தா மூணைக் காணோம். யானைமேல வர்ற செவப்பு ராஜா, ஒரு ஒட்டகம், ஒரு குதிரை. பாதம் மட்டும் இருக்கு, மேல ஆளைக் காணோம்."

"அப்படியா."

"அந்த பங்களாவுல ஒரு களவாணி ஆயா இருந்தாளாம். எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. முழுசா எடுக்கக்கூடத் தெரியாம முறிச்சு எடுத்துட்டுப் போயிட்டான்னு. எவ எவ கைமாறி உங்க வீட்டுக்கு வந்து சேந்துச்சோ." அவர் முகமெல்லாம் சிரிப்பு. காணாமல் போன பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்துவிட்டவர் மாதிரி. "குடுக்க வேணாம்மா. ஒரு தரம் எடுத்துட்டு வந்து அந்தப் பாதத்து மேல வச்சுக் காட்டுங்க, கண்ணால பாத்துக்கிறேன். சின்னாளப்பட்டியில எறங்கி செஸ் முத்துக்கிருஷ்ணன்னு கேட்டாப் போதும்."

வியாகுலம்மாள் அந்த மயில்கழுத்துச் சேலையை மடிப்புக் குலையாமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள். "இந்த வருசம் சேலை வேணாம்ணே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல முடியாது. கொடைரோட்டுத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தது அவள் மாமியார் சவரியம்மாள்.

மாமியார் என்றதும் நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. வியாகுலம்மாள் பதினாறு வயசில் அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் அவளுக்குச் சோறு குழையும், குழம்பு கருகும். மாமனார் தட்டை நகர்த்தி, "யாரு வச்சது இது?" என்று கேட்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து சவரியம்மாள் குரல் வரும். "நான்தான் வச்சேன். கண்ணு சரியாத் தெரியல." அந்தக் கண்ணால் சவரியம்மாள் ராத்திரி சிம்னி விளக்கில் ஊசிக்கு நூல் கோப்பாள். அது மாமனாருக்கும் தெரியும். ஆறு மாசம் இப்படிக் கருகின குழம்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு அளவு சொல்லிக்கொடுத்தாள். கடைசிவரைக்கும் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் செத்து அப்போது எட்டு வருசம். வியாகுலம்மாள் சுருட்டுச் சுற்றிப் பிழைக்கிறவள். இலையை விரிக்கும்போதெல்லாம் "எங்க அத்தை இருந்தா..." என்று ஒரு வாக்கியமாவது தொடங்காமல் அன்றைய வேலை முடியாது.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு மனுசர் சிரித்த முகத்தோடு களவாணி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வியாகுலம்மாள் நம்பவில்லை. ஆனால் ஒன்று அவளை அரித்தது. சவரியம்மாள் அந்த மூன்று ராஜாக்களையும் மற்ற குடில் சாமான்களோடு பெட்டியில் போட்டதே இல்லை. திருநாள் முடிந்ததும் அவற்றை மட்டும் தனியாக ஒரு மல்லுத் துணியில் சுற்றி, வாசல் பக்கத்து மாடத்தில், சிலுவைக்குப் பின்னால் வைப்பாள். குடில் சாமானை ஆண்கள் தொடக்கூடாது என்பாள். மருமகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பாள். ஏன் அத்தை என்று கேட்டால், "அது அங்கதான் இருக்கணும்" என்று சொல்லி நிறுத்திவிடுவாள். முப்பது வருசமாகப் பக்தி என்று நினைத்திருந்தது, இப்போது ஒளித்து வைத்த மாதிரித் தோன்றியது. திருட்டுப் பொருளைக் கொண்டுவந்து பாலன் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டோமோ என்று நினைத்தாள். கையில் சுருட்டு இலை கிழிந்தது. அவள் கையில் இலை கிழிந்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொல்லிச் சிரித்தாள், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

"சாமி, கொடைரோட்ல ஒரு வீட்ல மூணு பொம்மை எடுத்தாச்சு."

"எப்ப எடுத்த?"

"நாப்பது வருசம் இருக்கும் சாமி."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"நான் எடுக்கல சாமி. எங்க அத்தை."



"செத்துப்போனவுக பாவத்தை நீ சொல்ல முடியாதும்மா."

"அவுக என் தப்பையெல்லாம் அவுகளோடதுன்னு சொல்லியிருக்காக சாமி."

"அது உங்க வீட்டு அடுப்படியில நடக்கும். இங்க நடக்காது. உன்னோடது ஏதாவது இருந்தாச் சொல்லு."

வியாகுலம்மாள் யோசித்தாள். "அந்த ஆயா எங்க அத்தைதான்னு சேலைக்காரர்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன்."

"அது உன்னோடதுதான். போயிச் சொல்லிட்டு வா" என்றார் சாமியார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் கொழுந்தன் பவுல்ராஜைக் கூட்டிக்கொண்டு சின்னாளப்பட்டி பஸ் ஏறினாள். பவுல்ராஜ் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். சவரியம்மாளின் கடைசி மகன். மடியில் மல்லுத் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தவன், காந்திகிராமம் தாண்டும்போது வாயைத் திறந்தான்.

"மதினி, எங்காத்தா திருடுனான்னு நாமளே பஸ் ஏறிப் போயிச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"அந்தாளு மறுபடியும் களவாணின்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"நீ சும்மா இருக்கத்தான் கூட்டிட்டு வாரேன். தனியா வந்தா நான் அழுதுருவேன்."

அவன் கையை நீட்டினான். மூட்டையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டான்.

செஸ் முத்துக்கிருஷ்ணன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்களே கையைக் காட்டினார்கள். உள்ளே தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, முத்துக்கிருஷ்ணனும் அவர் கூட்டாளி பொம்மையனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பொம்மையன் அந்தத் தெருவில் சாயம் காய்ச்சுகிறவர். முழங்கைவரை நீலம். பலகையில் சிவப்புப் படையும் வெள்ளைப் படையும் நின்றன. சிவப்புப் பக்கம் ராஜா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் பாதம், அதன் மேல் ஒரு சட்டைப் பித்தான். ஒட்டகத்துக்குப் புளியங்கொட்டை. குதிரைக்குச் சோழி.

வியாகுலம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். "அண்ணே, நீங்க சொன்ன ஆயா எங்க அத்தை. சவரியம்மா. அன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். பொருளைக் கொண்டாந்திருக்கேன். அவுகள மன்னிச்சுக்கங்க."

முத்துக்கிருஷ்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. பொம்மையன் எங்கேயோ பார்த்தார். அடுப்படியிலிருந்து முத்துக்கிருஷ்ணன் சம்சாரம் சொர்ணலட்சுமி கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன ஆயா? என்ன சொன்னீக அவுகள?"

"அது... அப்பா சொன்னதை..."

"உங்கப்பா சொன்னதையெல்லாம் ஊரு வீட்டு வாசல்ல போயிச் சொல்லுவீகளா? சேலை விக்கப் போனீகளா, வசவு விக்கப் போனீகளா?" அவள் வியாகுலம்மாள் பக்கம் திரும்பினாள். "உக்காருக்கா. இந்த மனுசனுக்குப் பலகையப் பாத்தா வாயி நிக்காது."

பவுல்ராஜ் மூட்டையைப் பாயில் வைத்து அவிழ்த்தான். யானையை எடுத்தான். சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிற பொம்மைதான், ஆனால் கையில் எடுப்பது அன்றைக்குத்தான் முதல் முறை. திருப்பி அடியைப் பார்த்தவன் அப்படியே ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"மதினி, இது குச்சி இல்ல. திருகு."

"என்னது?"

"திருகாணி. தந்தத்துலயே மரை வெட்டியிருக்கான். கையால வெட்டுனது. எங்க பட்டறையில இரும்புல வெட்டவே கண்ணு பிதுங்கும். யாரு செஞ்சானோ, மகராசன்." அவன் நகத்தால் மரையின் ஓரத்தைத் தடவினான். "ஒரு புரி கூட ஒடயல. முறிச்சது இல்ல இது. பைய்யத் திருகிக் கழட்டுனது."

"அப்ப பாதத்துல ஓட்டை இருக்கணுமே" என்றார் முத்துக்கிருஷ்ணன். "இதுல ஓட்டை இல்ல. ஒடஞ்ச துண்டு உள்ளயே நிக்குது, பாருங்க." பித்தானைத் தள்ளிவிட்டு ராஜாவின் பாதத்தை நீட்டினார். நடுவில் வெள்ளையாக, மட்டமாக அடைத்திருந்தது.

பவுல்ராஜ் அதை மோந்து பார்த்தான். சொர்ணலட்சுமியிடம் ஒரு கொண்டை ஊசி கேட்டான். ஊசி முனையால் வெள்ளையைக் குத்தினான். அது உடையவில்லை. சுருண்டு சுருண்டு வந்தது.

"மெழுகு" என்றார் பொம்மையன். மெழுகில் பூ அச்சுக் குத்திச் சாயம் போடுகிறவர்களின் ஊர் அது. அவர் அந்தச் சுருளை இரண்டு விரலில் உருட்டினார். "மெழுகுவத்தி மெழுகு. நாப்பது வருசமா ஆடுறோம், இதைப் போயி தந்தம்னு நெனச்சிருக்கியே முத்துக்கிருஷ்ணா."

"நீயும்தான்டா ஆடுன."

மெழுகு முழுக்க வந்ததும் உள்ளே மரை தெரிந்தது. தூசி இல்லை, அழுக்கு இல்லை. நேற்று வெட்டின மாதிரி. பவுல்ராஜ் யானையை அதில் வைத்துத் திருகினான். ஏறவில்லை.  வியாகுலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவன் அடுத்த பாதத்தின் மெழுகைக் குத்தி எடுத்தான். அதிலும் ஏறவில்லை. மூன்றாவதில் வைத்துத் திருகியதும், யானை மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கி, பாகன் முகம் நேராக வரும் இடத்தில் கச்சிதமாக நின்றது.

"பாதத்தை மாத்தி வச்சிருந்திருக்கீக" என்றான். "கையால வெட்டுன மரை. ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. எங்க பூட்டு மாதிரி, அதுஅதுக்கு அதுஅதுதான்."

ஒட்டகமும் குதிரையும் அதனதன் பாதத்தில் ஏறின.  சொர்ணலட்சுமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"செத்த இருங்க. திருடுறவ உக்காந்து மூணையும் திருகித் திருகிக் கழட்டி, பாதத்தைப் பெட்டியிலயே வச்சுட்டா போவா?"

"போக மாட்டா" என்றார் பொம்மையன்.

"களவு குடுத்தவன் எதுக்கு ஓட்டையில மெழுகு வச்சு அடைக்கிறான்? போன பொருளுக்கு எவனாவது அடைப்பானா? திரும்பி வரும், வர்ற வரைக்கும் மரையில தூசி ஏறக்கூடாதுன்னு நெனச்சவன்தான அடைப்பான்?" அவள் புருசனைப் பார்த்தாள். "அந்த வீட்டுக்காரகளே கழட்டிக் குடுத்திருக்காக. மணல்ல நிக்கணும்னு பாதத்தை எடுத்துட்டுக் குடுத்திருக்காக. இரவல்."

வியாகுலம்மாள் தண்ணீர் கேட்டாள். சொம்பை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தை இதைக் குடில் பெட்டியில போட மாட்டாக" என்றாள். "துணியில சுத்தி வாசல் மாடத்துல வைப்பாக. ஏன்னு கேட்டா, அது அங்கதான் இருக்கணும்பாக. நான் ஒளிச்சு வைக்கிறாகன்னு... இந்த நாலு நாளா நான் அப்படி நெனச்சுட்டேன்." சொம்பைக் கீழே வைத்தாள். "கெளம்புற பொருளைத்தான வாசல்கிட்ட வைப்போம்."

பவுல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு ஆறு வயசு இருக்கும்" என்றான். "ஆத்தா என்னையத் தூக்கிட்டு ரயில்ல கொடைரோடு போச்சு. பங்களா பூட்டிக் கெடந்துச்சு. கேட்டுக்கு வெளிய உக்காந்து ரெண்டு பேரும் கட்டுச்சோறு தின்னுட்டு வந்தோம். துரையம்மாவப் பாக்க முடியலன்னு அழுதுச்சுன்னுதான் நான் நெனச்சேன். இடுப்புல ஒரு மூட்டை இருந்துச்சு. சோத்து மூட்டை இல்ல. அது வேற."

முத்துக்கிருஷ்ணன் எழுந்து வந்து வியாகுலம்மாள் முன்னால் நின்றார். தலையைச் சொறிந்தார்.

"அம்மா, எங்கப்பாவும் நானும் நாப்பது வருசமா ஒரு நல்ல மனுசியப் பேசியிருக்கோம்."

"தெரியாமப் பேசுனதுதானண்ணே. நானும்தான் நாலு நாளு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அதற்குப் பிறகு சொர்ணலட்சுமி விடவில்லை. சோறு, கத்தரிக்காய் வெஞ்சனம், அப்பளம். சாப்பிட்டு முடித்ததும் முத்துக்கிருஷ்ணனும் பொம்மையனும் முப்பத்திரண்டு காயையும் அடுக்கி, அந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முழு ஆட்டத்தை ஆடினார்கள். பதினைந்து நிமிசத்தில் முத்துக்கிருஷ்ணன் தோற்றுப்போனார். யானைமேல் இருக்கிற மீசைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்?

"பித்தானை வச்சு ஆடுனப்ப கெட்டிக்காரனா இருந்தான்" என்றார் பொம்மையன்.

வியாகுலம்மாள் வெறும் மல்லுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாரேன் அண்ணே. வாரேன் தாயி."

"என்னக்கா, பொம்மைய எடுக்காமப் போறீக? உங்க சாமி பொறந்தநாளுக்கு மூணு நாளுதான இருக்கு. குடிலுக்கு ராஜா வேணாமா?"

"இரவல் வாங்குனதை முதல்ல குடுத்து முடிக்கணுமில்ல. எங்க அத்தை முடிக்காமப் போனது. இப்ப முடிஞ்சுது." வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, முத்துக்கிருஷ்ணன் முன்னால் துணியை விரித்து, புது மனுசரிடம் கேட்பது மாதிரிக் கேட்டாள். "அண்ணே, எங்க வீட்டுக் குடிலுக்கு இந்த மூணு பேரையும் இரவல் குடுப்பீகளா? மூணு ராஜாக்கள் திருநாள் ஜனவரி ஆறாந் தேதி. ஏழாந் தேதி கொண்டாந்துருவேன்."

முத்துக்கிருஷ்ணன் உட்கார்ந்து, பவுல்ராஜ் காட்டின மாதிரியே, ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். குதிரை கடைசியாக வந்தது. பொம்மையன் தன் வீட்டுக்குப் போய்ச் சாயச்சட்டியோரத்து மெழுகில் ஒரு கட்டி கொண்டுவந்தார். சொர்ணலட்சுமி அதைக் கரண்டியில் உருக்கி, மூன்று பாதத்திலும் நிரப்பி, ஆறும்வரை ஊதினாள்.

மறுநாள் சாயங்காலம் தறி வேலை முடிந்து பலகையை விரித்தபோது, பக்கத்து வீட்டு அழகுராஜா எட்டிப் பார்த்தான். முழு செட்டும் சேர்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்ததே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன்.

"என்ன சித்தப்பா, ராஜா வந்துட்டாருன்னாக. மறுபடியும் மொட்டையா நிக்குது?"

முத்துக்கிருஷ்ணன் தலையைத் தூக்காமல் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"சவரியம்மா வாங்கிட்டுப் போயிருக்காக. ஏழாந் தேதி கொண்டாந்துருவாக."